கடுங்குளிரும் மக்கள் வாழ்வும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வேற்றுமொழி வழங்கும் இம்மண்ணில் ஆண்டுக்கொரு நாள் நாம் ஒருங்கு கூடி, இயல் இசை நாடகம் மூன்றினையும் துய்த்து மகிழ்கின்றோம். இவ்வாண்டு இயற் பகுதியில் அறிவியற் பொருள் ஒன்று இடம்பெற வேண்டுமெனச் செயற்குழுவினர் விழைந்தனர். அதற்கிணங்க நாம் எடுத்துக்கொண்ட பொருள் கடுங்குளிர் என்பதாகும். மேனாட்டார் ‘கிரையோஜெனிக்ஸ்’ என வழங்குவதனை நாம் கடுங்குளிரியல் எனலாம். மார்கழி வாடையைப் பற்றியோ பனிக்கட்டியைப் பற்றியோ நாம் பேசப் புகவில்லை. நீர் உறையும் நிலைக்கும் 150 பாகை கீழே சென்ற பின்னரே இவ்வியலின் எல்லை தொடங்குகிறது. ஈண்டுப் பாகை என்று குறிப்பன யாவும் சென்டிகிரேடு அளவே.

பேராசிரியர்கட்கு உரிய இப்பொருளால் இரயில்வே காலனியில் வாழும் நமக்கு ஆவதென்ன எனச் சிலர் வினவலாம். 2021-ஆம் ஆண்டுக் கோடையில், நம் நாட்டில் உயிருக்கு ஊசலாடிய பல்லாயிரவரின் மூச்சு இக்கடுங்குளிர்த் திரவம் ஒன்றையே நம்பியிருந்தது. அதனை ஊரூராய்க் கொண்டு சேர்த்தவற்றுள் நம் தொடர்வண்டியும் ஒன்று. நம் வினாவிற்கு இதுவே போதிய விடையாகும். அதனைப் பின்னர் விரிப்போம். முதற்கண் குளிரின் இயல்பினைக் காண்போம்.

குளிர் என்பது யாது?

ஒளி இன்மையை இருள் என்கின்றோம். அதுபோலவே வெப்பம் குறைந்த நிலையைக் குளிர் என்கின்றோம். குளிரென ஒரு பொருளை எவரும் ஆக்கித் தருவதில்லை. உள்ள வெப்பத்தை வெளியேற்றுதலே குளிர்வித்தலாகும். பொருள்களின் நுண்ணணுக்கள் ஓயாது துடித்துக்கொண்டிருக்கின்றன. அத்துடிப்பே வெப்பம். வெப்பத்தை எடுக்க எடுக்கத் துடிப்பு அடங்குகிறது. இனி எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்னும் எல்லை சுழிக்குக் கீழ் 273.15 பாகை. 1848-ஆம் ஆண்டில் இவ்வெல்லையை அடிப்படையாகக் கொண்டு வெப்ப அளவை ஒன்றினை வகுத்தவர், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன் ஆவார். சூரியனின் நடுப்பகுதி ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பாகை வெப்பமுடையது. மேல்நோக்கி அத்துணை உயரம் செல்லும் ஏணி, கீழ்நோக்கி 273 படிகளிலேயே முடிந்துவிடுகிறது என்பது வியப்பினும் வியப்பே.

நிலவுலகில் அளந்தறியப்பட்ட பெருங்குளிர், தென்துருவக் கண்டத்து வாஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று காணப்பட்ட சுழிக்குக் கீழ் 89.2 பாகை. அத்தகைய குளிரிலும் நாம் உயிர்க்கும் காற்று காற்றாகவே இருந்தது. காற்றினை நீர்போல் ஓடச் செய்தல் வேண்டுமாயின், இயற்கை காட்டாத குளிரை மனிதன் தன் அறிவினாலேயே உண்டாக்கல் வேண்டும்.

காற்று திரவமான கதை

நம் இல்லங்களில் உள்ள மண்பானையே இக்கதையின் முதற் பாடம். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது எஞ்சிய நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. நீர் தண்ணென்று ஆகிறது. சைக்கிள் பம்பு இரண்டாம் பாடம். காற்றை அழுத்தினால் பம்பு சுடுகிறது. அழுத்தப்பட்ட காற்றைத் திடீரென விரியவிட்டால் அது குளிர்கிறது. சமையல் எரிவாயு உருளை மூன்றாம் பாடம். அதனை அசைத்தால் உள்ளே திரவம் குலுங்குவதை உணரலாம். அழுத்தத்தினாலேயே அவ்வாயு திரவமாகி அடங்கியுள்ளது.

1823-இல் இங்கிலாந்தின் பாரடே குளோரின் வாயுவை அழுத்தத்தால் திரவமாக்கிக் காட்டினார். ஆயின் பிராணவாயு, நைட்ரஜன், ஹைட்ரஜன் முதலியன எத்துணை அழுத்தியும் பணியவில்லை. இவை என்றும் வாயுவாகவே நிற்பன என அறிஞர் பலரும் கருதினர். 1869-இல் ஆண்ட்ரூஸ் என்பார் உண்மையைக் கண்டறிந்தார். ஒவ்வொரு வாயுவிற்கும் ஒரு வெப்ப வரம்பு உண்டு. அவ்வரம்பிற்குக் கீழே குளிர்விக்காதவரை எவ்வளவு அழுத்தினும் அது திரவமாகாது என்பதே அவ்வுண்மை. இதனை உணர்ந்தபின் வழி திறந்தது. 1877 டிசம்பரில் பிரான்சில் கையெத்தேயும், ஜெனிவாவில் பிக்தேயும் தனித்தனியே முயன்று பிராணவாயுவைத் துளிகளாகக் கண்டனர். 1883-இல் போலந்து நாட்டு அறிஞர் இருவர் கிராக்கோ நகரில் அதனைக் கலத்தில் தேங்கி நிற்கும் திரவமாகவே பெற்றனர்.

இதனைத் தொழிலாக்கியவர் ஜெர்மானியரான லிண்டே. 1895-இல் அவர் அமைத்த பொறியின் நுட்பம், வட்டிக்கு வட்டி சேர்வதைப் போன்றது. அழுத்திய காற்றைச் சிறு துளை வழியே விரியவிட்டால் சிறிது குளிரும். அக்குளிர்ந்த காற்றைக் கொண்டே அடுத்து வரும் காற்றை முன்னரே குளிர்வித்தல். அது விரியும்போது முன்னதனினும் மிகுதியாகக் குளிரும். இங்ஙனம் சுற்றுக்குச் சுற்று குளிர் ஏறிக் காற்றே திரவமாய்ச் சொட்டுகிறது. அத்திரவத்தைச் சிறிது சிறிதாக வெப்பமேற்றினால் சுழிக்குக் கீழ் 196 பாகையில் நைட்ரஜனும், 186-இல் ஆர்கானும், 183-இல் பிராணவாயுவும் தனித்தனியே கொதித்துப் பிரியும். பெரிய உருக்காலைகள் இன்றும் பெரும்பாலும் இம்முறையாலேயே பிராணவாயு பெறுகின்றன.

பெற்ற திரவத்தை வைத்துக் காக்கக் கலம் வேண்டுமன்றோ? 1892-இல் இலண்டன் அறிஞர் டூவர், இரண்டு சுவர்களுக்கிடையே காற்றை முற்றும் நீக்கி, கண்ணாடிக்கு வெள்ளி பூசி, ஒரு குடுவை செய்தார். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. பின்னர் ஜெர்மன் நிறுவனம் ஒன்று அதனையே ‘தெர்மாஸ்’ எனும் பெயரில் விற்றுப் பொருள் ஈட்டியது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது குழந்தைக்குப் பாலும், பெரியோர்க்குக் காப்பியும் நிரப்பி நாம் எடுத்துச் செல்லும் பிளாஸ்க்கு, கடுங்குளிரியல் நமக்கு அளித்த முதற்கொடை என்பதைத் தாய்மார்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

1898-இல் டூவர் ஹைட்ரஜனையும் வென்றார். எஞ்சியது ஹீலியம். இதன் வரலாற்றில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆராயப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்கு வந்தார். அவ்வாண்டில் சூரிய ஒளியில் காணப்பட்ட மஞ்சள் நிறக் கோடு ஒன்று, அதுவரை அறியப்படாத பொருளைச் சுட்டுவதென இங்கிலாந்தின் லாக்கியர் உணர்ந்தார். கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்கு ஹீலியம் எனப் பெயரிட்டனர். 1908 ஜூலை 10 அன்று ஆலந்து நாட்டு லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் அதனைச் சுழிக்குக் கீழ் 269 பாகையில் திரவமாக்கினார். 1911-இல் அக்குளிரில் பாதரசத்தின் வழியே மின்சாரம் சிறிதும் தடையின்றி ஓடுவதைக் கண்டார். மீகடத்துதிறன் எனும் அவ்வற்புதம் இன்று மருத்துவமனைகள் பலவற்றில் பயன்படுகிறது. 1913-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

மூச்சைச் சுமந்த தொடர்வண்டி

இனி, முன்னர்க் கூறிய 2021-ஆம் ஆண்டிற்கு வருவோம். கொரோனா நோயின் இரண்டாம் அலை எழுந்த அவ்வேப்ரல், மே மாதங்களை நம்மில் எவரே மறக்க வல்லார்? இவ்வவையிலுள்ள குடும்பங்களிலும் அவ்வாண்டு உற்றாரை இழந்தோர் உண்டு. அவர்களை நினைந்தே இப்பகுதியைக் கூறுகின்றோம்.

நோய் மிக்கிருந்த இடங்களுள் தில்லியும் மராட்டியமும் முதன்மையானவை. பிராணவாயு பெருமளவில் ஆக்கும் உருக்காலைகளோ துர்க்காபூர், டாட்டாநகர், ரூர்கேலா என நம் கிழக்குப் புறத்தில் இருந்தன. இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். இதனை எங்ஙனம் கொண்டு செல்வது?

சரக்குக் கணக்கெழுதிப் பழகிய நாம் இதனை நம் கணக்காகவே பார்ப்போம். மருத்துவமனையில் கட்டிலருகே நிற்கும் பெரிய இரும்பு உருளையில் இருப்பது அழுத்திய வாயு, திரவமன்று. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 7 கன மீட்டர். நிறையோ 9 கிலோவிற்குச் சிறிது மேல். அவ்வொன்பது கிலோவைச் சுமக்கும் இரும்போ 50 கிலோவிற்குக் குறையாது. சரக்கைவிடக் கலத்தின் எடை ஐந்து மடங்கு! அதே பிராணவாயுவைச் சுழிக்குக் கீழ் 183 பாகைக்குக் குளிர்வித்துத் திரவமாக்கினால், ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 850 லிட்டர் வாயுவிற்கு ஈடாகிறது. ஒரு டன் திரவம் நூறு உருளைகளுக்கும் மேற்பட்ட வாயுவைத் தரும்; 16 டன் கொள்ளும் ஒரு டாங்கர் லாரி 1,700 உருளைகளுக்கு நிகராகும். கடுங்குளிர் இல்லையேல் இத்துணை மூச்சைத் தொலைவுக்குக் கொண்டு செல்ல வழியே இல்லை.

அவ்வாண்டு நேர்ந்த இடர்ப்பாட்டில், ஆற்றில் நீர் இருந்தும் மொள்ளக் குடமில்லாத நிலையே பெரிதும் காணப்பட்டது. கடுங்குளிரைத் தாங்கும் டாங்கர்கள் நாட்டில் போதிய அளவு இல்லை. சாதாரண இரும்பு அக்குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும். வடபுலத்துக் குளிர்கால இரவுகளில் தண்டவாளம் சுருங்கி விரிசல் காண்பதும், ரோந்துப் பணியாளர் விளக்கேந்தி நடந்து அதனைத் தேடுவதும் நாம் அறிந்ததே. அச்சிறு குளிரே இரும்பை வருத்துமாயின், 183 பாகைக் குளிரின் கொடுமையைச் சொல்லவும் வேண்டுமோ? ஆதலின் உட்கலம் துருப்பிடிக்காத எஃகினாலும், வெளிக்கலம் வேறாகவும் அமைத்து, இடையே காற்றை நீக்கிக் காப்புத்தூள் நிரப்புவர். டூவரின் குடுவையே பெருவடிவு கொண்டு சாலையிற் செல்வதாக எண்ணிக்கொள்ளலாம். நைட்ரஜனும் ஆர்கானும் சுமந்த டாங்கர்கள் அந்நாளில் பிராணவாயுவிற்கென மாற்றப்பட்டன. வெளிநாடுகளிலிருந்து விமானப்படை வெற்றுக் கலங்களைக் கொணர்ந்தது. நிறைந்த டாங்கரை விமானத்தில் ஏற்றுதல் ஆபத்து. ஆதலின் வெற்றுக் கலம் வானிலும், நிறைகலம் நிலத்திலும் சென்றன.

இந்நிலையில் டாங்கர் லாரியையே பிளாட் வாகன் மீது ஏற்றிக் கொண்டு செல்ல இரயில்வே முன்வந்தது. பாலங்களும், மின்கம்பிகளும், நிலைய மேடைகளும் உயரத்திற்கு வரம்பு விதித்தன. 1,290 மில்லிமீட்டர் உயரமுள்ள வாகன் மீது 3,320 மில்லிமீட்டர் உயரமுள்ள டாங்கர் வகையே பொருந்துமெனக் கண்டனர். 2021 ஏப்ரல் 19 அன்று மும்பைக்கு அருகிலுள்ள கலம்போலியிலிருந்து வெற்று டாங்கர்களுடன் முதல் வண்டி விசாகப்பட்டினத்திற்குப் புறப்பட்டது. மலைச்சரிவுப் பாதையில் அவ்வுயரத்திற்கு இடமில்லாமையால் வசாய் வழியே சுற்றிச் சென்றது. திரவம் நிரப்பித் திரும்பிய அவ்வண்டி 23, 24 ஆகிய நாள்களில் நாக்பூரையும் நாசிக்கையும் அடைந்தது. திடீரென விரைவு கூட்டலும் தடையிடலும் ஆகா. உட்கலத்தின் அழுத்தத்தை வழியிடையே நோக்கிக்கொண்டே செல்லல் வேண்டும். இவ்விதிகளுக்கு உட்பட்டு, இரவு பகல் பாராது, வழிவிட்டு வழிகாத்து, அவ்வண்டிகள் ஓடின. மே மாதத்தில் துர்க்காபூரிலிருந்து சென்ற வண்டி சென்னைத் தண்டையார்ப்பேட்டையை அடைந்தது. மொத்தத்தில் 30,000 டன்னுக்கும் மேற்பட்ட பிராணவாயு இங்ஙனம் கொண்டு சேர்க்கப்பட்டது.

அக்காலத்தில் ஓட்டுநரும், கார்டும், நிலைய அலுவலரும், கண்ட்ரோல் அறையில் கண்விழித்தோரும் நோய்க்கு அஞ்சி இல்லத்தில் இருந்தாரல்லர். அவர்களுள் உயிர் துறந்தோரும் உண்டு. அவர்தம் தொண்டிற்கு இவ்வவையில் தலைவணங்குகின்றோம்.

மருத்துவமனையும் மாட்டுத் தொழுவமும்

எம்.ஆர்.ஐ. எனும் படமெடுக்கும் கருவியை நம்மில் பலர் கண்டிருப்போம். அதன் உள்ளே நியோபியம், டைட்டேனியம் கலந்த கம்பிச் சுருள், திரவ ஹீலியத்தின் குளிரில் வைக்கப்பட்டுள்ளது. ஒருமுறை செலுத்திய மின்சாரம் தடையின்றி அதில் சுழன்றுகொண்டே இருக்கிறது. அதனால் எழும் காந்த ஆற்றல் பூமியின் காந்த ஆற்றலைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. படம் எடுக்காத வேளையிலும் அக்காந்தம் அடங்குவதில்லை. ஆதலின் சாவியோ, கத்தியோ, இரும்பு உருளையோ அவ்வறைக்குள் ஒருபோதும் கொண்டு செல்லலாகாது. ஹீலியம் அரிய பொருள். அமெரிக்கா, கத்தார் முதலிய நாடுகளின் இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்து பெரும்பாலும் கிடைக்கிறது. நாம் வழிபாட்டிற்குச் செல்லும் வீர்பூம் மாவட்டத்துப் பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றுகளில் குமிழியிடும் வாயுவிலும் ஹீலியம் கலந்துள்ளது. கொல்கத்தா அறிஞர் அதனைப் பிரித்தெடுத்துள்ளனர்.

மேலும், இத்தகைய மீகடத்திச் சுருள்களின் காந்தத்தால் தண்டவாளத்தைத் தொடாது மிதந்து செல்லும் வண்டியை ஜப்பானியர் அமைத்து, 2015 ஏப்ரல் 21 அன்று மணிக்கு 603 கிலோமீட்டர் விரைவில் ஓட்டிக் காட்டினர் என்பது நம் காலனியினர்க்கு உவகை தரும் செய்தியாகும்.

காலையில் நாம் பருகும் பாலிலும் கடுங்குளிரின் பங்கு உண்டு. நல்லினக் காளைகளின் விந்தணுவைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காத்து, சிற்றூர்தோறும் கால்நடை மருத்துவர் எடுத்துச் செல்கின்றனர். வெறுமனே உறையவைத்தால் உயிரணுவிலுள்ள நீர் பனிப்படிகமாகி அணுவைச் சிதைத்துவிடும். 1949-இல் இலண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்னும் மூவர், பெயர்ச்சீட்டு மாறிய புட்டி ஒன்றினால் எதிர்பாராது வெற்றி கண்டனர். புட்டியில் இருந்தது பழச்சர்க்கரை அன்று, கிளிசரின் என்பதும், அதுவே உயிரணுவைக் காத்தது என்பதும் பின்னர்த் தெரியவந்தன. இன்று மகப்பேறு மருத்துவத்திலும் இம்முறை கையாளப்படுகிறது. இதனைக் கேட்டு, இறந்தோரையும் உறையவைத்துப் பின்னர் எழுப்பலாம் என மேனாட்டார் சிலர் 1967 முதல் முயல்கின்றனர். சிற்றணுவிற்கு இயல்வது முழு உடலுக்கு இயலவில்லை. அங்ஙனம் எழுந்தார் ஒருவரும் இலர்.

விண்ணை எட்டிய விடாமுயற்சி

ஹைட்ரஜனைச் சுழிக்குக் கீழ் 253 பாகையிலும், பிராணவாயுவை 183 பாகையிலும் திரவமாக்கி, இரண்டையும் எரித்து உந்தும் பொறியே கிரையோஜெனிக் எஞ்சின். மற்றை எரிபொருளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உந்தாற்றல் தருவது. ஒருபுறம் உறையும் குளிரும் அதனருகிலேயே மூவாயிரம் பாகை அனலும் ஒரே பொறியில் அடங்கல் வேண்டுமாதலின் இதனைக் கைவரப்பெற்ற நாடுகள் மிகச் சில.

1991-இல் சோவியத் நாட்டோடு நாம் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு அமெரிக்கா தடை எழுப்பியது. 1993-இல் இரஷியா ஆயத்தப் பொறிகளைத் தரலாம், நுட்பத்தைத் தரவியலாது எனக் கூறிவிட்டது. நம் அறிஞர் தளர்ந்தாரல்லர். திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் ஆண்டுக்கணக்காகச் சோதனைகள் நிகழ்ந்தன. 2010 ஏப்ரல் 15 அன்று நம் சொந்தப் பொறியுடன் எழுந்த ஏவுகலம் கடலில் வீழ்ந்தது. 2013 ஆகஸ்டு 19 அன்று இரண்டாங் கட்டத்தில் எரிபொருள் கசிந்தமையால் புறப்பாடு நிறுத்தப்பட்டது. 2014 ஜனவரி 5 அன்று வெற்றி கிட்டியது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கலத்தைச் சுமந்து சென்றதும் நம் நாட்டுக் கடுங்குளிர்ப் பொறியே. மறுக்கப்பட்ட நுட்பத்தைத் தாமே கற்றுத் தேர்ந்த இவ்வரலாறு, தேர்வில் ஒருமுறை தவறினால் சோர்வுறும் மாணவர்க்கு நல்லதோர் பாடமாகும்.

ஓர் எச்சரிக்கை

தாய்மார்கள் இதனைச் செவிமடுத்தல் வேண்டும். கடைகளிலும் விருந்துகளிலும் புகை எழும் பிஸ்கட், ஐஸ்கிரீம் என விற்கின்றனர். அது திரவ நைட்ரஜன். முற்றும் ஆவியாகுமுன் வாயிலிட்டால் நாவையும், உணவுக்குழலையும், இரைப்பையையும் புண்ணாக்கும், துளைப்படுத்தலும் கூடும். 2024 ஏப்ரலில் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையினர் இது குறித்து எச்சரித்தனர். குழந்தைகள் விரும்பிக் கேட்பினும் வாங்கித் தராதீர்கள்.

முடிவுரை

கடுங்குளிரியல் அயலார் சொத்தன்று. சத்தியேந்திர நாத் போஸ் 1924-இல் டாக்காவில் இருந்து ஐன்ஸ்டீனுக்கு எழுதியனுப்பிய கட்டுரையின் வழியே கணிக்கப்பட்ட புதியதோர் பொருள்நிலை, 1995-இல் அமெரிக்காவில், அறுதிச் சுழிக்கு மிக அணித்தான குளிரில் கண்கூடாக நிறுவப்பட்டது. வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், கொல்கத்தாவில் இராமனோடு ஆராய்ந்து, பின்னர்த் தில்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராய் அமர்ந்தார். கடுங்குளிர் ஆராய்ச்சிக்கு அங்கு வித்திட்டவரும் அவரே. நம்மைப்போல் ஊர்விட்டு ஊர்வந்து வாழ்ந்த தமிழர் அவர். இன்று கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கடுங்குளிர்ப் பொறியியல் தனித்துறையாகவே கற்பிக்கப்படுகிறது.

2021-இல் கற்ற பாடத்தை நாடு மறத்தலாகாது. அதன்பின் எத்துணையோ மருத்துவமனைகளில் திரவப் பிராணவாயுத் தொட்டிகள் எழுந்துள்ளன. தொட்டி நிறுவினால் மட்டும் போதாது. அதன் வால்வினையும், குழாயினையும், அளவியையும் நாள்தோறும் நோக்கும் தேர்ந்த கைகள் வேண்டும். பயன்படாது கிடப்பினும் உள்ளிருக்கும் திரவம் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும்; பேணாது விட்ட தொட்டி, தேவையான நாளில் வெற்றுத் தொட்டியே. பட்டம் பெற்ற பொறியாளர் மட்டுமன்றி, ஐ.டி.ஐ. பயின்ற பற்றவைப்போரும், பொருத்துநரும் இத்துறைக்கு இன்றியமையாதவர். நம் காலனிப் பிள்ளைகள் வேலை தேடும்போது இதனையும் எண்ணிப் பார்ப்பாராக.

இத்தகைய பொருள்களை நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும், இந்தியிலும், வங்காளத்திலும் பள்ளியிற் கற்பர். இல்லத்தில் அவற்றையே தமிழிற் பேசுதல் பெற்றோர் கடன். மண்பானை ஏன் குளிர்கிறது என்று ஒரு குழந்தைக்கு நம் மொழியில் விளக்கினால், அறிவியலும் வளரும், தமிழும் நிலைக்கும்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!